ஏமோஸ் ஸ்டோவாலின் இந்த வார மதிப்பு

லவெர்ன் ஸ்டோவாலுக்குக் கால்பந்து, அதுவும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து, என்றாலே ஆகாது. பெற்ற பிள்ளை ஏமோஸ் ஆடுகிறானே என்று ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்காருவாள். பந்து எங்கே போகிறது, யார் ஜெயிக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் கவலை இல்லை. நாலு தடியன்கள் சேர்ந்து ஏமோஸைத் தரையில் சாய்த்த பிறகு அவன் எழுந்து நிற்கிறானா என்று மட்டும் பார்ப்பாள். எழுந்துவிட்டால் காப்பியை எடுத்துக் குடிப்பாள்.

இப்படிப்பட்டவள் லீக்கில் சேர்ந்தது அவள் குற்றம் இல்லை. ஒஹாயோ மாநிலத்தில் ஹார்லன் ஃபால்ஸ் நகராட்சியின் தண்ணீர்க் கட்டண அலுவலகத்தில் வேலை நடக்கிறதோ இல்லையோ, கற்பனைக் கால்பந்து லீக் ஜாம் ஜாம் என்று நடக்கும். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. நிஜமான ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு பொய் அணி வைத்துக்கொள்வார்கள். உன் ஆள் ஞாயிற்றுக்கிழமை நிஜ மைதானத்தில் பந்தைப் பிடித்தால் உனக்குப் புள்ளி. கோட்டை விட்டால் உனக்கு வயிற்றெரிச்சல். வாரா வாரம் யாரை இறக்குவது, யாரைப் பெஞ்சில் உட்கார வைப்பது என்று போனில் இருக்கிற ஆப்பில் குறிக்க வேண்டும். அதற்காக மெத்தப் படித்தவர்கள் எல்லாம் வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் இவ்வளவு பேர் வருவதில்லை.

லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி இடத்துக்கு வருகிறவர் ஒரு முழு நாள் நெடுஞ்சாலை ஓரத்தில் வாஃபிள் என்கிற இனிப்பு அடை விற்கிற கடையில் உட்கார வேண்டும். தின்கிற ஒவ்வொரு வாஃபிளுக்கும் தண்டனையில் ஒரு மணி நேரம் கழியும். போன வருஷம் அப்படி உட்கார்ந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், நேராகப் போய்க் கழிவுநீர்ப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ஒரு இடம் காலியாகிவிட்டது. வாரா வாரம் ஜோடி ஜோடியாக மோதுவதற்குக் கணக்கு ஒத்துவர வேண்டும் என்று, சும்மா இருந்த லவெர்னைப் பிடித்துப் போட்டார்கள்.

லீக்கின் ஆணையர் ட்வைட் க்ரோனர். அலுவலகத்தில் அவர் மேற்பார்வையாளர். மேற்பார்வையாளர் என்ற முறையில் ஒரு கையெழுத்துப் போடுவதற்குள் மனிதர் மூன்று தடவை முகத்தைத் துடைப்பார். ஆணையர் என்ற முறையில் லீக்குக்கு அரசியல் சாசனமே எழுதியிருந்தார். ஆகஸ்டு மாதம் அவர் வீட்டு நிலவறையில் கோழி இறக்கை வறுவலோடு ஆட்டக்காரர்களைச் சுற்றுக்கு ஒருவராகப் பெயர் சொல்லிப் பிரித்தார்கள். லவெர்னுக்கு ஒரு பெயரும் தெரியாது. பட்டியலைப் பார்த்து வாய்க்கு நுழைந்த பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசிச் சுற்றில் ஏமோஸ் ஸ்டோவால் என்றாள். ஐயோ பாவம் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

"அதுவும் ரிசீவர்! ஓரமா ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிற வேலை லேசுப்பட்டதில்ல. புதுசா வந்தவன் முதல் வருஷம் உருப்பட்டதா சரித்திரமே இல்ல. இது பாசத்துல எடுத்த தேர்வு" என்றான் கென்னி ராட்கே. கென்னிக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. லீக்கில் மதிப்பீட்டுக் குழுவின் தலைவர். குழுவில் வேறு யாரும் கிடையாது.

இரண்டாவது வாரமே ஏமோஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிப் புள்ளி எடுத்தான். அதுவும் இரண்டு தடவை. திங்கட்கிழமை கென்னி லவெர்னின் கவுண்டருக்கே வந்துவிட்டான்.

"உண்மையச் சொல்லுங்க, இவன் தேறுவான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கறதுக்கு என்னங்க இருக்கு? நான் பெத்த பிள்ளை."

"அந்த அளவுகோல் எங்ககிட்ட இல்லையே" என்றான் கென்னி. நிஜமாகவே வருத்தப்பட்டான்.

அன்றிலிருந்து லவெர்னுக்குப் புதன்கிழமை மதியச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. அன்றைக்குத்தான் சாப்பாட்டு அறையில் வார மதிப்பீடு. கென்னி எழுந்து நிற்பான், படங்களைக் காட்டுவான். ஏமோஸ் ஸ்டோவாலின் இந்த வார மதிப்பு ஒன்பது புள்ளி நாலு என்பான். அடுத்த வாரம் அதே பிள்ளை ஆறு புள்ளி ஒன்றுக்கு இறங்கிவிடுவான். எதிரணியின் காவல்காரன் எவ்வளவு உயரம், மைதானத்துப் புல் நிஜமா பிளாஸ்டிக்கா, ஏமோஸுக்கும் பந்து வீசுகிறவனுக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா, எல்லாம் கணக்கில் வரும்.

"உள்ளங்கைதான் கொஞ்சம் சின்னது" என்றான் ஒரு புதன்கிழமை.

"பொறந்தப்பவே நல்ல பெரிய கைன்னு நர்ஸம்மா சொன்னாங்களே" என்றாள் லவெர்ன்.

"எந்த ஊர் ஆஸ்பத்திரி? அளந்து சொன்னாங்களா, சும்மா சொன்னாங்களா?"

லவெர்ன் சாண்ட்விச்சைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். பெற்ற பிள்ளைக்கு ஒரே வாரத்தில் மூன்று புள்ளி குறைந்துபோனதைக் கேட்டுவிட்டு எந்தத் தாய்க்குப் பசிக்கும்?

புதன்கிழமையில் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். அன்று சாயங்காலம் ஏமோஸ் போன் செய்வான். கல்லூரி வரைக்கும் வீட்டுச் சாப்பாட்டை விட்டு விலகாத பையன், முதல் தடவையாக இரண்டு மாநிலம் தள்ளித் தனியாக இருக்கிறான். சலவை இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதிலிருந்து ஆரம்பிப்பான். கணவன் போன பிறகு அந்த ஒரு போனை நம்பித்தான் லவெர்னுக்கு வாரம் நகர்ந்தது.

அக்டோபரில் ஒரு நாள் அவன் குரல் கம்மியிருந்தது.

"சளியாடா?"

"லேசாம்மா. ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாமத்தான் மூக்கால பேசறியா? ஞாயித்துக்கிழமை பேசாம படுத்துத் தூங்கு."

"ம்மா, இது வேலைம்மா. சளிக்கெல்லாம் லீவு தரமாட்டாங்க."

அவனுடைய கோச்சைக் கூப்பிட்டு லீவு கேட்க லவெர்னால் முடியாது. ஆனால் அவள் போனில் ஆப் இருந்தது, ஆப்பில் பெஞ்ச் இருந்தது. அங்கேயாவது பிள்ளை கொஞ்சம் உட்காரட்டும் என்று ஏமோஸைத் தூக்கிப் பெஞ்சில் வைத்தாள். அதனால் சளி குறையாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் மனசு ஆறியது. அவன் இடத்தில், யாரும் எடுக்காமல் கிடந்த, வாய்க்கு நுழையாத பெயர்க்காரன் ஒருவனை இறக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏமோஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரே ஒரு பந்தைத்தான் பிடித்தான். வாய்க்கு நுழையாதவன் மைதானத்தையே கலக்கிவிட்டான். அந்த வாரம் லவெர்னிடம் தோற்றவர் ஆணையர் ட்வைட் க்ரோனர்.

திங்கட்கிழமை விசாரணை. கட்டணம் கட்ட வந்த ஜனங்கள் வரிசையில் நிற்க, கவுண்டரில் 'சற்று நேரத்தில் வருகிறோம்' என்ற பலகையைத் தொங்கவிட்டு எல்லாரும் சாப்பாட்டு அறையில் கூடினார்கள்.

"மிஸஸ் ஸ்டோவால், நேராவே கேக்கறேன். அந்த ஆட்டக்காரரோட உங்களுக்குத் தொடர்பு இருக்கா?" என்றார் ட்வைட்.

"எந்த ஆட்டக்காரருங்க?"

"ஏமோஸ் ஸ்டோவால்."

"என் பையனாச்சே!"

"உறவு என்னன்னு கேக்கலை. தொடர்பு இருக்கான்னு கேட்டேன்."

"புதன்கிழமை போன் பண்ணுவான். சளி பிடிச்சிருக்குன்னான். உடம்பு முடியாத பிள்ளை, கொஞ்சம் உக்காரட்டுமேன்னு பெஞ்ச்ல வெச்சேன்."

கென்னி "உள்தகவல்!" என்று முனகினான். ட்வைட் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல, மிஸஸ் ஸ்டோவால். நீங்க தாயாயிட்டீங்க, அதுக்கு என்ன பண்ண முடியும்? ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த நாட்டுல எதுல ஒழுங்கு மிச்சம் இருக்கு? இந்த லீக்ல மட்டும்தான் இருக்கு. என் பொண்ணு கல்யாணத்துல அவ கையைப் புடிச்சு நான் சர்ச்சுக்குள்ள நடத்திட்டுப் போகணும். அந்த நேரம் பாத்து என் ஆள் ஒருத்தனுக்கு முழங்கால் போச்சுன்னு செய்தி வருது. ஒரு நிமிஷம் இரும்மான்னு நிறுத்திட்டு ஆளை மாத்தினேன். என் பொண்ணு இன்னிவரைக்கும் என்கூடப் பேசறதில்ல. நானும் வருத்தப்படறதில்ல. நேர்மைன்னா அதுங்க!"

இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றே 'ரத்த சம்பந்தத் திருத்தம்' நிறைவேறியது. சீசன் முடிகிற வரைக்கும் யாரும் தன் அணியில் உள்ள ஆட்டக்காரரோடு தனியாகப் பேசக் கூடாது. பேசியே ஆக வேண்டுமென்றால் கென்னி முன்னிலையில், ஸ்பீக்கரில் பேசலாம். சீசன் கிறிஸ்துமஸுக்கும் அப்புறம்தான் முடியும். பாதியில் லீக்கை விட்டுப் போகவும் சாசனத்தில் இடமில்லை.

"இவங்க யாருடி உன்னைத் தடுக்க? போங்கடா நீங்களும் உங்க லீக்கும்னு சொல்லிட்டு வா" என்றாள் பக்கத்துக் கவுண்டர் பெவ்.

சொல்லலாம்தான். ஆனால் நவம்பரில் நன்றி கூறும் நாள் பண்டிகைக்கு ஏமோஸிடம் போவதற்கு லவெர்ன் லீவு கேட்டிருந்தாள். அந்த மனு மேற்பார்வையாளர் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. ஆணையரைப் பகைத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போய் எப்படி நிற்பது? லவெர்ன் வாயை மூடிக்கொண்டாள். புதன்கிழமை சாயங்காலம் கூப்பிடாதே, நானே கூப்பிடுகிறேன் என்று கென்னி எழுதிக் கொடுத்த வாசகத்தை மகனுக்கு அனுப்பினாள்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் போனை மேசை மேல் வைத்தார்கள். கென்னி கையில் ஒரு சிவப்பு அட்டையோடு எதிரில் உட்கார்ந்தான்.

"ம்மா? என்ன மத்தியானத்துல? யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்டா கண்ணு. உனக்குச் சளி..."

சிவப்பு அட்டை எழுந்தது. உடல்நலம் பேசக் கூடாது.

"நல்லாத் தூங்கினியா?"

அட்டை.

"அங்க குளிரா இருக்கா?"

அட்டை. "காத்து, குளிர், மழை எல்லாமே பந்து வீச்சைப் பாதிக்கும்" என்று கென்னி கிசுகிசுத்தான்.

பெற்ற பிள்ளையிடம் இதைத் தவிர வேறு என்ன கேட்பது என்று லவெர்னுக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் வீட்டு நாய் ஞாபகம் வந்தது.

"நம்ம பிஸ்கட் இருக்கானே, பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கறான்டா."

கென்னி நிமிர்ந்து உட்கார்ந்தான். "எந்தக் கால்? வலதா, இடதா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டான்.

"யாரும்மா அது?"

"ஆபீஸ்ல ஒருத்தருடா. அவருக்கு நாய்ன்னா உசுரு."

பேச்சு அத்தோடு துண்டிக்கப்பட்டது. நாய் என்பது நாய்தானா, இல்லை தாயும் மகனும் பேசிவைத்துக்கொண்ட சங்கேதமா என்று விவாதம் கிளம்பியது. போதாக்குறைக்கு மறுநாள் சாயங்காலம் ஆணையரே நேரில் ஆய்வுக்கு லவெர்ன் வீட்டுக்கு வந்துவிட்டார். பிஸ்கட் அன்றைக்கென்று பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு கொல்லை முழுக்கத் துள்ளி ஓடியது.

"நொண்டுதுன்னீங்க?" என்றார் ட்வைட்.

"நேத்து வரைக்கும் நொண்டிச்சுங்க."

"ம்ம்" என்றார் ட்வைட். அடுத்த வாரத்திலிருந்து ஸ்பீக்கர் போனும் கிடையாது என்றாகிவிட்டது.

அந்த வாரமும் போயிற்று, அதற்கடுத்த வாரமும் போயிற்று. லவெர்ன் கவுண்டரில் யாருக்கோ போட வேண்டிய அபராதத்தை வேறு யாருக்கோ போட்டாள். திட்டு வாங்கினாள். ஒரு செவ்வாய்க்கிழமை பெவ் அவளைக் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இதுக்கு ஏண்டி இப்படி உருகிச் சாகற? அவனை உன் டீம்லேர்ந்து விட்டுடு. டீம்ல இல்லேன்னா அவன் உன் ஆட்டக்காரன் இல்ல, வெறும் பையன். வெறும் பையன்கூடப் பேச எவன் தடுக்கறது?"

"வெறும் பையன்தானே?"

"வெறும் பையன்தான்டி."

பெவ் காட்டிய இடத்தை லவெர்ன் தொட்டாள். 'இந்த ஆட்டக்காரரை விடுவிக்க உறுதியாக விரும்புகிறீர்களா?' என்று ஆப் கேட்டது. பக்கத்தில் ஏமோஸின் சின்னப் படம் சிரித்துக்கொண்டிருந்தது. விரல் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் அழுத்தினாள். விட்டது சனியன் என்று காருக்குள் உட்கார்ந்து மகனைக் கூப்பிட்டாள். சளி, தூக்கம், குளிர், முழங்கால், தலையணை உறை என்று ஒன்று விடாமல் கேட்டாள். அவன் முட்டை பொரித்துச் சட்டியைக் கருக்கின கதையைச் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்தக் கண்றாவி லீக்கைப் பற்றி மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. பிள்ளைக்கு இருக்கிற வேலையில் இதை வேறு ஏன் காதில் போட வேண்டும்?

லீக்கில் ஒரு ஆளை விடுவித்தால் அது எல்லாருடைய போனிலும் மணியடித்துத் தெரியும். கென்னிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாட்டில் உள்ள மதிப்பீட்டாளர்கள் எல்லாம் கூடுகிற இணையப் பக்கத்தில் 'ஏமோஸ் ஸ்டோவாலைப் பெற்ற தாயே கைவிட்டாள்' என்று ஒரு வரி போட்டான்.

கேட்கவா வேண்டும்? மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் கார் ரேடியோவில் லவெர்ன் தன்னைப் பற்றியே கேட்டாள். "பெத்தவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" என்று ஒருவர் அடித்துப் பேசினார். இன்னொருவர், "சின்ன வயசுல ஏதோ பெரிய வியாதி இருந்திருக்கணும், மறைச்சிருக்காங்க" என்றார். மத்தியானத்துக்குள் பல்லாயிரம் பேர் ஏமோஸைத் தங்கள் பொய் அணிகளிலிருந்து விரட்டிவிட்டார்கள். வார மதிப்பீட்டில் கென்னி 'தாயின் நம்பிக்கை' என்று புதிதாக ஒரு இனத்தைச் சேர்த்தான். அதில் ஏமோஸுக்குப் பூஜ்யம். மொத்த மதிப்பு ஒன்று புள்ளி இரண்டு.

"நான் அவனை விட்டது அவன்கூடப் பேசறதுக்குங்க" என்றாள் லவெர்ன் எழுந்து நின்று.

"நோக்கத்தை அளக்க முடியாதுங்க. செயலைத்தான் அளப்போம்" என்றான் கென்னி.

லவெர்ன் மகனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் அவனும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமையும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை அவனுடைய நிஜக் கோச் நிஜப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்தார். முதல் கேள்வியே தாய் கைவிட்டதைப் பற்றித்தான்.

கோச் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்த லீக் கீக் எல்லாம் நாங்க பாக்கறதில்ல. நாங்க தொழில்காரங்க. கேமரா இருக்கு, டாக்டருங்க இருக்காங்க, பையன் தூங்கற தூக்கத்தைக்கூட அளக்கறோம். அதுல எல்லாம் குறை ஒண்ணும் தெரியலை. ஆனா அந்தம்மா எங்களைவிட ரொம்ப வருஷமா அவனைப் பாத்துட்டிருக்காங்க. அதை மதிக்கலேன்னா நாங்க என்ன தொழில்காரங்க?"

ஞாயிற்றுக்கிழமை ஏமோஸ் ஸ்டோவால் தோளில் கம்பளித் துணியைப் போர்த்திக்கொண்டு ஆட்டம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கேமரா அடிக்கடி அவனைக் காட்டியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைச் சாய்க்கவில்லை. லவெர்னின் காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 'வாரத்தின் கூர்மையான முடிவு' என்று பொறித்த கேடயத்தை ட்வைட் அவள் கையில் கொடுத்தார்.

"எங்க எல்லார் கணக்கும் தப்பு. கென்னி ஒண்ணு புள்ளி ரெண்டு போட்டான். பையன் எடுத்தது பூஜ்யம். சரியாச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். பாசம் கண்ணை மறைக்கும்னு நினைச்சோம். நீங்க பாசத்தைத் தூக்கி ஓரமா வெச்சுட்டீங்க. என் பொண்ணுகிட்ட உங்களைப் பத்திச் சொல்லணும்னு ஆசையா இருக்கு, அவதான் போனை எடுக்கறதில்ல."

கேடயத்தோடு லீவு மனுவும் கையெழுத்தாகி வந்தது. பெவ் மட்டும் கைதட்டாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் லவெர்ன் வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு எடுத்தாள்.

"ம்மா" என்றான் ஏமோஸ். குரல் கம்மியிருந்தது. இது சளி இல்லை.

"ராஜா! எத்தனை தடவைடா கூப்பிடறது? உயிரே போயிடுச்சு எனக்கு."

"கோச் கேட்டாரும்மா. உங்கம்மாவுக்கு ஏதாச்சும் தெரியுமான்னு கேட்டாரு. எங்கம்மாவுக்கு என்னைப் பத்தித் தெரியாதது ஒண்ணுமே இல்லேன்னு சொன்னேன்." அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "என்கிட்ட என்னம்மா பாத்த? ஓட்டத்துலயா, கையிலயா? சொல்லும்மா, சரி பண்ணிக்கறேன்."

லவெர்ன் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டேய், ஒரு குறையும் இல்லடா உன்கிட்ட! நீ என் டீம்ல இருந்தா உன்கூடப் பேசக் கூடாதுன்னு ஆபீஸ்ல சட்டம் போட்டாங்க. எனக்கு உன்கூடப் பேசணும் போல இருந்துச்சு. அதான்டா விட்டேன். சத்தியமா அவ்வளவுதான்டா."



"சரிம்மா" என்றான் ஏமோஸ், பொறுமையாக. "நிஜக் காரணத்தைச் சொல்லு."